நிலாவின் மறுபக்கம் இருட்டு அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு சிறுவர் பகுதியில் நிலாவின் மறுபக்கத்தில் உள்ள சியோல்கோவ்ஸ்கி பள்ளத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே ‘நிலாவின் இருண்ட பக்கம்’ என்று இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை வாசித்துவிட்டு, “அங்க எப்பவும் ராத்திரியாப்பா?” என்று கேட்டாள்.

சாயங்கால வெயில் இருந்தது. முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். “மக்கா, நான் பூமி, நீ நிலா. என் முகத்தப் பாத்துட்டே என்னச் சுத்தி வா” என்றேன். அவள் சுற்றி வந்து மேற்கே, எனக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்ததும் நிறுத்தினேன். முகம் நிழலில் இருந்தது. முதுகிலும் சடையிலும் வெயில் பளீரென்று அடித்தது. அதுதான் அமாவாசை. நாம் பார்க்க முடியாத முதுகுப் பக்கத்துக்கு அன்றைக்குப் பட்டப்பகல். நம் பக்கத்தைப் போலவே அங்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு.

1959 அக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 மறுபக்கத்தை முதன்முதலாகப் படம் பிடித்தது. மங்கலான அந்தப் படத்திலேயே இந்தப் பள்ளம் கரும்பொட்டாகத் தெரிந்தது. அங்கே வெயில் இல்லாதிருந்தால் படமே விழுந்திருக்காது. பள்ளத்தின் கறுப்பு இருட்டினால் வந்ததல்ல, பாறையின் நிறம். விண்கல் மோதித் தோண்டிய குழிக்குள் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு ஏறி நிரம்பி, 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே உறைந்துவிட்டது. அகலம் சுமார் 185 கிலோமீட்டர். ஒரு கரை நாகர்கோவில் என்றால் மறுகரை விருதுநகரையும் தாண்டிவிடும். நடுவில் குழம்பு மூடாமல் விட்ட வெளிறிய மலை, நம் கடலுக்குள் விவேகானந்தர் பாறை நிற்பதுபோல் நிற்கிறது.

மறுபக்கத்தில் இப்படிப்பட்ட கரிய தரை அபூர்வம், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். நம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலோ முப்பது பங்கு. மறுபக்கத்து மேலோடு தடிமன் என்பதால் குழம்பு மேலே வரத் திணறியிருக்கிறது. அப்பல்லோ 17-இல் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட் இந்தப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். அங்கிருந்து பூமியோடு நேரடியாகப் பேச வழியில்லை, அதனால் நடக்கவில்லை. அப்புறம் 2024 ஜூனில் சீனாவின் சாங்கே 6 மறுபக்கத்தின் வேறொரு பள்ளத்திலிருந்து மண்ணே எடுத்து வந்துவிட்டது.

சிவனையும் நாராயணனையும் இஸ்ரோ தலைவர்களாகத் தந்த மாவட்டம் இது. இங்குள்ள பிள்ளைகள் இதைச் சரியாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இனி ‘மறுபக்கம்’ என்றே எழுதுங்கள். வரும் ஆடி அமாவாசைக்கு முக்கடலில் ஜனங்கள் தர்ப்பணம் செய்யும் படத்தை எப்படியும் போடுவீர்கள். அன்றைக்கே சிறுவர் பகுதியில் இந்தப் பள்ளத்தையும் போட்டு, ‘இன்று இங்கே நல்ல வெயில்’ என்று கீழே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்