தடுப்புச்சுவர் கட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை வந்தால் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலும் கோத்தகிரிப் பக்கமும் மண் சரியாத ஆண்டு அபூர்வம். 'கனமழையால் மண்சரிவு' என்று செய்தி வரும், அதோடு முடிந்துவிடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவ்வளவு மழைக்கு எந்தச் சரிவும் ஆட்டம் காணும். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு மழைக்கே வீட்டுப் பின்புறம் இறங்குகிறது என்றால், மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

மனை வாங்கியதும் பொக்லைன் வருகிறது. மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். மேலிருக்கும் மண்ணைத் தாங்கி நின்ற அடிப்பகுதி போய்விடுகிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளுகிறார்கள். இறுகாத அந்தக் கொட்டுமண் அடுத்த பெருமழையில் ஊறி, கீழ்வீட்டுக்காரர் தலையில் இறங்கும். வெட்டிய முகம் கோடையில் சுவர்போல நிற்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். மண் முழுதும் நனையாதவரைதான் அந்தப் பிடிப்பு. ஆழமான செம்மண்ணில், உயரத்துக்குச் சமமான அகலமாவது விட்டு 45 பாகைக்குள் சாய்த்து வெட்ட வேண்டும், அல்லது படிப்படியாக வெட்ட வேண்டும். அதற்கு மனையில் இடம் இல்லையென்றால், அந்த வீடு அங்கே வரக் கூடாது என்றே பொருள்.

அடுத்து தடுப்புச்சுவர். இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மூன்று மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள மண் நன்றாக வடிந்திருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2.7 டன் விசையோடு தள்ளும். நீர் வெளியேற வழியின்றி மேல்மட்டம்வரை நின்றால் அது 5.5 டன்னைத் தாண்டும், அதில் 4.5 டன் நீர் மட்டுமே தருவது. சுவரைத் தடிமனாக்குவதைவிட நீரை வெளியே விடுவது மலிவு. 75 அல்லது 100 மி.மீ. பி.வி.சி. குழாய்களைச் சுவரின் ஊடே சுமார் 1.5 மீட்டர் இடைவெளியில், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகப் பதிக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் குறைந்தது 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் ஜியோடெக்ஸ்டைல் துணி. இந்த ஜல்லியையும் துணியையும் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். சில மழைக்காலங்களிலேயே நுண்மண் வந்து குழாயை அடைத்துவிடும். மழை நாளில் சுவர் முழுக்க ஈரம் கசிந்தும் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அது அடைபட்ட குழாய். அல்லது கணக்குக் காட்டச் சுவரின் முகத்தில் மட்டும் செருகிய குழாய்.

சுவர் எழுப்பும் வேலையே உயிரைப் பறிக்கவும் கூடும். 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே கட்டுமானப் பணியிடத்தில் மேலிருந்த பழைய கட்டடம் இடிந்து விழுந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டவே கூடாது. இரண்டு மூன்று மீட்டர்த் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, கட்டி, பின்புறம் நிரப்பிய பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும். வெட்டிய முகத்துக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் ஆள் இறங்கக் கூடாது. இதற்கு உகந்த காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

வெட்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி, ஒரு வடிகால் வேண்டும். அதற்குக் கட்டாயம் கான்கிரீட் அல்லது கல் பூச்சு இருக்க வேண்டும். வெறும் மண் கால்வாய் வெட்டினால், ஓட வேண்டிய நீரைச் சரிவுக்குள் நாமே ஊற்றுவதாகிவிடும். அது போய்ச் சேருமிடம் இயற்கையான ஓடையாக இருக்கட்டும், பக்கத்துத் தோட்டமாக வேண்டாம். விளிம்பை ஒட்டி, வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி இன்னொரு ஆபத்து. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 500 லிட்டர் நீர் எளிதாகச் செலவாகும். அத்தனையும் மழையில்லாத நாளிலும் சரிவுக்குள் இறங்குகிறது.

வெட்டிவேர் நட்டால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சு இப்போது அதிகம். மேல்மண்ணைப் பிடிக்க அது அருமையான புல். சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் சமமட்டக் கோட்டில் 10–15 செ.மீ. இடைவெளியில், மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். நிழலில் நன்றாக வராது. உறைபனி விழும் பள்ளங்களில் மந்தமாகிவிடும். ஐந்து மீட்டர் ஆழத்தில் நழுவும் மண்ணை அதன் வேர் எட்டாது. அங்கே துளையிட்டு இரும்புக் கம்பி செருகிச் சிமென்ட் பாலால் நிரப்பும் 'மண் ஆணி' முறையும், சரிவுக்குள்ளிருந்து நீரை இழுக்கும் துளைக்குழாய்களும் தேவை. இரண்டும் மண், பாறையின் தாங்குதிறனைக் கணக்கிடும் புவித்தொழில்நுட்பப் பொறியாளர் வடிவமைக்க வேண்டியவை. இன்னொன்று: மரத்தை வெட்டிய உடனே சரிவு விழாது. அடிவேர் மட்கச் சில ஆண்டுகள் ஆகும், அதன்பிறகே பிடிப்பு போகும். அதற்குள் வெட்டியவரை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

மேலே நிலத்தில் வளைவான வெடிப்பு, திடீரெனக் கலங்கிய ஊற்று, புதிதாகச் சாய்ந்த மரம், இறுகிக்கொண்ட கதவு ஆகியவற்றைக் கண்டால், முதலில் வீட்டைக் காலி செய்துவிட்டு வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது அதன்பிறகுதான்.

உள்ளாட்சிகளுக்கு ஒரு கோரிக்கை. மலைப்பகுதிக் கட்டட வரைபடத்தோடு, வெட்டு உயரம், வெட்டிய மண் போகும் இடம், மழைநீரும் கழிவுநீரும் வெளியேறும் வழி மூன்றையும் காட்டும் தனித்தாளைக் கட்டாயமாக்குங்கள். சுவரின் பின்புறத்தை மண் போட்டு மூடும் முன் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திடட்டும். மூடிய பிறகு உள்ளே ஜல்லி இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்கள் சிலர்,
குன்னூர்