சந்திரலேகாவைத் திட்டினோமே, ஞாபகமிருக்கிறதா?

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள கோகிலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் பெரிய ரகளை. சின்னவள் அரங்கேற்றமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, தேக்காவில் பட்டும் எடுத்தாயிற்று, அந்த நேரம் பார்த்து “எனக்கு நவீன நடனம்தாம்மா” என்கிறாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. “விடேன், அவள் இஷ்டம்” என்று சமாதானம் சொல்ல வந்த இவரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ராத்திரி நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள். நடனக் கலைஞர் சந்திரலேகாவின் ‘சரீரா’வில் ஒரு காட்சி. 2001-இல் அவர் கடைசியாகச் செய்த படைப்பு. குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற இந்துஸ்தானிப் பாட்டு இழைந்துகொண்டிருக்க, ஒரு பெண் தரையில் கிடந்தபடி கால்களை மெல்ல விரிக்கிறாள். எவ்வளவு மெல்ல என்றால், படம் நின்றுவிட்டதோ என்று நான் ஈரக்கையால் திரையைத் தட்டினேன்! சலங்கை, நகை, சிரிப்பு ஒன்றுமில்லை. குழாயை மூடிவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.

சமூக மன்ற வகுப்பில் நம் டீச்சர் “பரதத்தைக் கெடுத்தவர்” என்பாரே, அதே சந்திரலேகாதான். அவர் ஆக்கியதில் ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் நாமும் தலையாட்டினோம்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். மகாராஷ்டிரத்தில் 1928-இல் பிறந்தவர், சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றிருக்கிறார். 1952-இல் அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக. ‘மதுரா நகரிலோ’ என்ற பாட்டுக்கு ஆடுகிறார். யமுனை, தோழிகள், நீர் விளையாட்டு. நடுவில் சட்டென்று உறைந்துபோனாராம். பத்திரிகையில் பார்த்த படங்கள் கண்முன் வந்துவிட்டன: வெடித்த நிலம், கையில் தகர டப்பாவோடு தண்ணீருக்கு நிற்கும் வரிசை. வறட்சிக்கு நிதி திரட்டும் மேடையில் தண்ணீரை வாரி இறைத்து அபிநயம் பிடிக்கிறோமே என்று!

அந்த இடத்தில் எனக்கு அம்மா ஞாபகம். 1963-இல் இங்கே தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது வாளியோடு வரிசையில் நின்ற கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார். அம்மா சொன்ன தண்ணீரும், வகுப்பில் நான் விரலால் அலையடித்துக் காட்டிய யமுனையும் எனக்கு ஒரு நாளும் முட்டிக்கொண்டதில்லை, கோகிலா.

கொஞ்ச காலம் ஆடிவிட்டு அவர் மேடையிலிருந்து ஒதுங்கிவிட்டார். எழுத்து, சுவரொட்டி, பெண்கள் இயக்கம் என்று வருஷங்கள் போயின. பிறகு ஐம்பத்தைந்து வயது தாண்டி, 1985-இல் ‘அங்கிகா’. பரதம், களரி, யோகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உடம்புதானே என்று காட்டினார். பாஸ்கராசாரியரின் கணித நூலான ‘லீலாவதி’யைக்கூட மேடையேற்றியிருக்கிறார். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. அந்த நூலில் ஒரு தேனீக் கணக்கு உண்டு. ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கு, மூன்றில் ஒரு பங்கு இன்னொன்றுக்கு, அவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு வேறொன்றுக்கு, மிச்சம் ஒரே ஒரு தேனீ. மொத்தம் எத்தனை? போட்டுப் பார்.

பத்தாண்டுபோல சந்திரலேகாவின் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் சென்னையில் தனியாக நடனம் அமைக்கிறார். அவரைப் பார்த்துத்தான் சின்னவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததாம். இப்போது தினமும் சாயங்காலம் புளோக்கின் கீழ்த்தளத்தில், தூணோரம் அரைமண்டியில், முழங்காலைப் பாதி மடக்கி, அசையாமல் நிற்கிறாள். அடவு கிடையாது, நிற்பது மட்டும். தொடை நடுங்குவது எனக்கே தெரிகிறது. சதுரங்கம் ஆடும் சீனத் தாத்தா ஒருவர் எழுந்து வந்து “கால் வலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நாம் அந்த அரைமண்டியில் பத்து விநாடி நின்றிருப்போமா? டீச்சர் திரும்பியதும் நிமிர்ந்துவிடுவோமே.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. கண்ணன் வராத நடனம் எனக்கு இன்னும் உப்பில்லாத ரசம்தான்.

டிசம்பரில் சென்னை வருகிறோம். திருவான்மியூரிலிருந்து எலியட்ஸ் கடற்கரை உனக்கு நடக்கிற தூரம்தானே? சந்திரலேகா வாழ்ந்த வீடு அங்கேதான். அந்த நேரம் ஏதாவது நிகழ்ச்சி இருக்குமா என்று விசாரித்து வை, இவள் நச்சரிக்கிறாள்.

முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். பட்டை என்ன செய்வது என்றாவது சொல். உன் வீட்டில் கல்யாணம் ஏதும் வருகிறதா?

அன்புடன்,
மாலா