தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"டிவி முன்ன மாதிரி இல்லை" என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொள்வது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பழசை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்களின் புலம்பல் என்று நீங்கள் ஒதுக்கலாம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபோது, தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை வரும் ஒளியும் ஒலியும் பாட்டு நிகழ்ச்சிக்காகத் தவம் கிடந்த வீடுகளுக்கு எது கிடைத்தாலும் விருந்துதான். போனில் கூப்பிட்டுப் பாட்டுக் கேட்பதும், "உங்க வாய்ஸ் ரொம்ப ஸ்வீட்டா இருக்கு" என்று தொகுப்பாளர் கொஞ்சுவதுமாக எத்தனை மணி நேரத்தை அன்றும் ஓட்டினார்கள்! அதையெல்லாம் பொற்காலம் என்று நான் வாதாடப் போவதில்லை. ஒளிப்பதிவு, செட்டு, ஒலி எல்லாமே இன்று எவ்வளவோ மேல்.

என் புகார் வேறு. உங்கள் நிகழ்ச்சி நிரலில் வாரம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது.

அன்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு முகம் இருந்தது. ஞாயிறு காலை என்றால் விசுவின் அரட்டை அரங்கம். ஊர் ஊராகப் போய் மைக்கை நீட்ட, பேர் தெரியாத யாரோ எழுந்து நின்று வரதட்சணையைப் பற்றியோ குடியைப் பற்றியோ பேசி அரங்கத்தையே அடக்கிவிடுவார். மர்மதேசம் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். 'ரகசியம்', 'விடாது கருப்பு' என்று கதைகள் தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிந்தன. முடிந்தன என்பதுதான் முக்கியம். அடுத்த வாரம் வரை யோசிக்க எழுதுகிறவருக்கும் நேரம் இருந்தது, பார்க்கிறவருக்கும் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் தினசரித் தொடர் வேரூன்றியது. முதலில் திங்கள் முதல் வெள்ளி. பிறகு சனிக்கிழமையும் போனது. மிச்சமிருந்த ஞாயிறை மகா சங்கமம் என்றும் சிறப்பு ஒளிபரப்பு என்றும் விட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறீர்கள். இப்போது ஆறரை மணிக்குத் தொடங்கி பத்தரை வரை வரிசையாக மெகா தொடர்கள். சேனலை மாற்றினாலும் அதே வீடு, அதே மாடிப்படி, அதே மாமியார்.

ஒரு எபிசோடை நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன். முதலில் முந்தைய நாள் கதை. பிறகு தலைப்புப் பாட்டு. காணாமல் போன மருமகள் வாசலில் வந்து நிற்கிறாள். மாமியார் முகத்துக்கு ஒரு 'டம்', மாமனாருக்கு ஒரு 'டம்', நாத்தனார், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி, சமையல்கார அம்மா என்று கேமரா ஒவ்வொருவரிடமும் போய் நின்று வருகிறது. விளம்பரம். திரும்பி வந்ததும் அவள் வாசலுக்கு வந்த காட்சியே இன்னொரு முறை. "நீ எங்கே இருந்தே?" என்று கேட்கிறார்கள். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது தொடரும் போட்டுவிட்டு, நாளை வரப்போவதிலிருந்து நான்கு துண்டுகளைக் காட்டுகிறீர்கள். நாளை பார்த்தால் அந்த நான்கு துண்டில் இரண்டு கனவு.

இதில் எழுத்தாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினம் ஒரு எபிசோடு போயாக வேண்டும் என்றால் செட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வசனம் எழுத வேண்டியிருக்கும். ரேட்டிங் இறங்கினால் கதையை அங்கேயே திருப்பச் சொல்வீர்கள், யாருக்காவது ஞாபகம் போகும், யாராவது கர்ப்பம் ஆவார்கள். அந்த நெருக்கடியில் வாசல் காட்சியை இழுக்காமல் வேறென்ன செய்வார் அவர்?

"மக்கள் இதைத்தானே பார்க்கிறார்கள்" என்பது உங்கள் வழக்கமான பதில். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று கருவி வைத்து ரேட்டிங் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர்கள் 2025இல் நாடு முழுக்கச் சுமார் 58,000. டிவி உள்ள வீடுகளோ ஏறக்குறைய 23 கோடி என்று 2025இல் மத்திய அரசே சொன்னது. மாதிரிக் கணக்கு என்றால் அப்படித்தான் இருக்கும், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மீட்டர் போட்டதை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று மட்டுமே சொல்லும். போடாததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? எட்டு மணிக்கு எல்லாச் சேனலிலும் தொடர் என்றால் எட்டு மணிக்கு எல்லோரும் தொடர்தான் பார்ப்பார்கள்.

2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தீர்கள். 2002இல் தொடங்கி 811 எபிசோடு ஓடிய மெட்டி ஒலி மறுபடி வந்தது. கதை முழுக்கத் தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தார்கள். 2022இல் எதிர்நீச்சல் வந்தபோது, படித்த மருமகள்களை அடுப்படியில் பூட்டிவைக்கும் ஒரு வீட்டின் கதையை, சீரியலே பார்க்காதவர்கள்கூடப் பேசினார்கள். அதில் நடித்த மாரிமுத்துவின் "ஏய், இந்தாம்மா" தெருவெல்லாம் ஒலித்தது. தினசரித் தொடரிலேயே கதை நன்றாக இருந்தால் வரவேற்பு இருக்கிறது. பாண்டியன் ஸ்டோர்ஸ் கதையை 2021இல் இந்திக்காரர்கள் வாங்கிப்போய் எடுத்தார்கள். அப்படியிருக்க, நாம் ஏன் இன்னொரு மொழியில் ஓடிய கதைக்குப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்?

ஆள் பஞ்சமும் கிடையாது. கலைஞர் டிவியின் நாளைய இயக்குநர் குறும்படப் போட்டியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் வந்தார்கள். ஒரு சேனல் வாரத்துக்கு ஒரு முறை கொடுத்த இடம் தமிழ் சினிமாவுக்கே ஆள் தந்தது. இன்று அதே வயதுப் பிள்ளைகள் யூடியூபில் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனங்களே நடத்தும் ஓடிடி செயலிகளுக்கு எட்டு எபிசோடில் முடிகிற கதைகளை ஆள் வைத்து எழுதி எடுக்கவும் செய்கிறீர்கள். நல்ல சரக்கு கிடங்கில் இருக்கிறது, இந்தக் கடைக்கு மட்டும் வருவதில்லை. செயலிக்குச் சந்தா கட்ட முடியாத, ரிமோட் மட்டுமே பழகிய பெரியவர்களுக்கு வாசல் காட்சி போதும் என்று முடிவு செய்தது யார்?

கேட்பது அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாள், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் ஒரு மணி நேரம், 13 வாரத்தில் முடிகிற ஒரு கதை. எப்போது முடியும் என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். ரேட்டிங் பார்த்து நீட்டவும் வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். ரியாலிட்டி ஷோக்களில் எட்டு வயதுக் குழந்தையிடம் இறந்துபோன அப்பாவைப் பற்றிக் கேட்டு, அது அழும் வரை கேமராவை நகர்த்தாமல் வைத்திருக்கிறீர்களே, அதை உடனே நிறுத்துங்கள். அதற்கு 13 வாரம் தேவையில்லை. விளம்பரத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது: கேபிள் டிவி விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம், அதில் உங்கள் சொந்த முன்னோட்டங்களுக்கு 2 நிமிடம். அதைக் கடைப்பிடித்தாலே எபிசோடை நிரப்ப இன்னும் கொஞ்சம் கதை தேவைப்படும், எழுதுகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டிவரும்.

முதல் முயற்சி தோற்கலாம். தோற்றால் இரண்டாவது கதையையும் போடுங்கள். தினசரித் தொடர்களில் எத்தனை தோற்றிருக்கின்றன, அதற்காக அந்த நேரத்தைத் தினசரித் தொடருக்குக் கொடுப்பதை நீங்கள் நிறுத்தவில்லையே.

இப்படிக்கு,
இன்னும் கேபிள் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நேயர்