போத்தாஸ் ஹில் ஏறப் போகிற நண்பனுக்கு

அன்பு லோகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே டர்பன் சாட்ஸ்வர்த்தில் எல்லோரும் சுகம். மகள் தமிழ் வகுப்பில் சேர்ந்து உயிரெழுத்தை முடித்துவிட்டாள், வீட்டுச் சுவரெல்லாம் அவள் கையெழுத்துதான்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். அக்டோபரில் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் ஓட்டப் போகிறாய் என்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர், கடலை நோக்கித்தானே, இறக்கமாகவே இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டு வந்து, ட்ரம்மண்டைத் தாண்டி போத்தாஸ் ஹில் ஏறும்போது திணறிப் போகிறார்கள். பாதி ஏற்றத்திலேயே தொடை எரிந்து மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறாய். உன் காலில் பலம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அடிவாரத்தில் இறக்கத்து வேகத்தோடு வந்து அதே வேகத்தில் மிதிக்கிறாய், அதுதான் காரணம். ஏற்றத்தின் முதல் பாதியில், பக்கத்தில் வருபவனிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதி. யார் முந்தினாலும் போகட்டும். மிச்சம் வைத்த பலத்தை மேல்பாதியில் செலவழி.

அப்படி மெதுவாக மிதிக்க கியர் வேண்டுமே. உன் சைக்கிளில் முன்னால் சின்னது 34 பல், பின்னால் பெரியது 28 பல். மணிக்கு 9 கிலோமீட்டரில் ஏறினால் பெடல் நிமிடத்துக்கு 59 சுற்றுதான் சுற்றும், ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும். பின்னால் பெரியது 34 பல் இருக்கிற கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே வேகத்துக்கு 71 சுற்று, சுமை காலிலிருந்து மூச்சுக்கு மாறும். மூச்சு பழக்கத்தில் சீக்கிரம் தேறும், முழங்கால் அப்படி இல்லை. ஆனால் வாங்கும் முன் கடையில் கேட்டுக்கொள், பின்னால் தொங்கி செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெயிலியரின் கை குட்டையாக இருந்தால் 34 பல்லைத் தாங்காது, செயினும் நீளமாக வேண்டியிருக்கும். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்று, மாற்றும் நொடியில் மிதியைக் கொஞ்சம் தளர்த்து. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நறநறவென்று அலறும்.

ஏற்றப் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள் போதும்: ஐந்து நிமிடம் பேச முடியாத அளவுக்கு ஏறு, இறங்கி மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறு, மூன்று நான்கு தடவை. மற்ற நாட்களில் நிதானமாக நீண்ட தூரம் ஓட்டு. ஏறும்போது பெரும்பாலும் உட்கார்ந்தே மிதி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதே.

செயினை மட்டும் தயவுசெய்து கவனித்துக்கொள். நீ டர்பன் பக்கம் வந்து கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டுப் போனால் உப்புக் காற்று இரண்டு நாளில் துருவை வரவழைத்துவிடும். பழைய வேட்டித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்று, கறுப்பு வருவது குறையும்வரை. அப்புறம் ஒவ்வொரு உருளைமேலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்ச நேரம் ஊற விட்டு மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடு. எண்ணெய் உள்ளேதான் வேலை செய்கிறது, வெளியே நின்றால் மண்ணைத்தான் சேர்க்கும். செயின் அளக்கும் கருவி ஒன்று வாங்கு, 0.5 சதவீதம் நீண்டதும் செயினை மாற்றிவிட்டால் விலை கூடிய கேசட் பிழைக்கும்.

மழையில் இறங்கி வந்தால் பிரேக் கட்டையைப் பார், கல்துகள் பதிந்திருந்தால் ஊசியால் எடு. கட்டையில் உள்ள கோடுகள் தேய்ந்து மறைந்தால் மாற்றாமல் மலைச் சாலையில் இறங்கவே இறங்காதே, இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலையில் ட்ரம்மண்டில் சந்திப்போம், சேர்ந்து ஏறலாம். கேசட்டை வாங்கினால் மாட்டாமல் கொண்டு வா. கழற்றும் சாவி என்னிடம் இருக்கிறது.

உன்,
தேவா