மூலை சிஸ்டத்துல இருக்குற பிரெய்ட் கேம் பத்தி நம்ம கஸ்டமருங்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். மூலைல இருக்குற ரெண்டு சிஸ்டத்துலயும் பிரெய்ட் கேம் போட்டதுல இருந்து கவுண்டர்ல நடக்குற பேச்சே மாறிப்போச்சு. ஒருத்தர் வந்து "அண்ணா, இந்த மாதிரி ஒரு கேம் ஆடினதே இல்ல"ங்கிறார், அவர் பின்னாடியே இன்னொருத்தர் வந்து "என்ன ப்ரோ, ஒரு மணி நேரத்துக்கு காசு கட்டிட்டு ஒரே ரூம்ல நின்னுட்டு போறேன், ஆன்சர சொல்லுங்க, இல்லனா கேம தூக்குங்க"ங்கிறார். ரெண்டு பேருமே நமக்கு ரெகுலர் கஸ்டமருங்கதான், ரெண்டு பேர் பேச்சுலயும் நியாயம் இருக்கு. கேம தூக்கப் போறதில்ல. ஆன்சரும் சொல்லப் போறதில்ல. ஆனா அந்த ரெண்டு சிஸ்டத்துக்கும் ரேட்ட மாத்திட்டோம், ஏன் மாத்தினோம்னு விளக்கமா சொல்லணும்னுதான் இத எழுதுறோம்.

தெரியாதவங்களுக்கு முதல்ல கேம் என்னன்னு சொல்லிடுறோம். இது ஒரு புதிர் கேம், 2008 ஆகஸ்ட்ல எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது, அடுத்த வருஷம் பிசிக்கும் வந்துச்சு. ஜொனதன் ப்ளோங்கிறவர் டிசைன் பண்ணி புரோகிராம் எழுதினது, படமெல்லாம் டேவிட் ஹெல்மன் வரைஞ்சது. பெரிய கம்பெனி பணம் கிடையாது, ப்ளோ தன் சொந்தக் காசு ஏறக்குறைய 2 லட்சம் டாலர் போட்டு பண்ணினது. கோட்டு டை போட்ட டிம்னு ஒருத்தன் இளவரசிய தேடி போறான், குதிக்கிறான், பூதத்து தலைல மிதிக்கிறான், ஏணி ஏறுறான், பாக்க பழைய மாரியோ மாதிரியேதான் இருக்கும். ஆனா ஒரு பட்டன அழுத்தினா நேரம் பின்னாடி ஓடும். செத்தாலும் பரவால்ல, பட்டன அழுத்தி பின்னாடி போயிடலாம், எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம், லைஃப் கணக்கே கிடையாது. ரிவைண்ட் பண்ணும்போது பாட்டும் தலைகீழா ஓடும், ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, ரொம்ப நல்லா இருக்கும்.

கேமோட ஒவ்வொரு பகுதியையும் உலகம்னு சொல்வாங்க, கேம் ரெண்டாவது உலகத்துலதான் ஆரம்பிக்கும், ஒண்ணாவது கடைசிலதான் வரும், இத பாத்து பல பேர் சேவ், அதாவது ஆடி விட்ட இடத்தோட பதிவு, மாறிப்போச்சுன்னு நம்மகிட்ட வந்து சொல்றாங்க, மாறல, கேமே அப்படித்தான். மூணாவது உலகத்துல பச்சையா மினுக்குற பொருள் எதுவும் ரிவைண்டுக்கு அசையாது, நாலாவதுல நீங்க வலது பக்கம் நடந்தா நேரம் முன்னாடி போகும், இடது பக்கம் நடந்தா பின்னாடி போகும், நின்னா அதுவும் நிக்கும், அஞ்சாவதுல நீங்க ரிவைண்ட் பண்ணினதும் முன்னாடி செஞ்சத ஒரு நிழல் அப்படியே திரும்ப செய்யும், ஆறாவதுல ஒரு மோதிரம், அத கீழ வெச்சா அது பக்கத்துல எல்லாமே மெதுவா ஆயிடும். இதுல நாம எதையும் கெடுக்கல, இதெல்லாம் உள்ள போன அஞ்சு நிமிஷத்துல நீங்களே பாத்துருவீங்க. ஒண்ணாவது உலகத்துல என்ன நடக்குதுன்னு மட்டும் யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம்.

சரி, ஆன்சர் ஏன் சொல்றதில்ல. கஷ்டமான கேம்னு எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்ல போட்டு பேசுறோம், ஆனா அதுல ரெண்டு ஜாதி இருக்கு. 2018ல வந்த செலஸ்ட் நம்மகிட்ட இருக்கு, சூப்பர் மீட் பாய் இருக்கு, அதுலெல்லாம் எங்க போகணும்னு கண்ணுக்கு நேரா தெரியும், கைதான் வராது. அப்ப பக்கத்துல உக்காந்திருக்குற ஃப்ரெண்ட் "இங்க குதி, அங்க டேஷ் போடு"ன்னு கத்தினாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது, குதிக்கிறது இன்னமும் உங்க விரல்தான். பிரெய்ட் தலைக்கு வர்ற கஷ்டம். ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் ஒவ்வொரு உலகத்துலயும், சேத்தா ஒரு படமாகுற படத்துண்டு 12, மொத்தம் 60, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னாடி நேரத்த பத்தி ஒரு சின்ன விஷயம் ஒளிஞ்சிருக்கு, அது உங்களுக்கு புரியுற அந்த ஒரு செகண்டுதான் அந்த துண்டோட மொத்த ஆட்டமும். அத நாம வாயால சொல்லிட்டா மிச்சம் இருக்குறது நாலு தடவ குதிக்கிறது மட்டும்தான். காசு கட்டின பொருள உங்க கைல இருந்து நாங்களே பிடுங்கின மாதிரி ஆயிடும்.

நாலாவது உலகத்துல ஒரு சாவி இருக்கு, அதுல மாட்டாதவங்க யாரும் இல்ல. சாவிய கைல எடுப்பீங்க, கதவு பக்கம் போக இடது பக்கம் ரெண்டு அடி வெச்சா நேரம் பின்னாடி ஓடும், சாவி கைய விட்டு முன்ன இருந்த இடத்துக்கே போயிடும். எரிச்சல்தான் வரும், பல பேருக்கு வந்துச்சு, பாத்தோம். ஆனா அந்த எரிச்சல்ல நீங்க இடமும் வலமுமா நடந்துட்டே இருக்கும்போது, இந்த உலகத்துல நடக்குறதுன்னா என்ன அர்த்தம்ங்கிறது மெல்ல மெல்ல கால்ல ஏறுது பாருங்க, அது யூட்யூப்ல பாத்தா ஏறாது. நம்ம காலேஜ் பசங்க ரெண்டு பேரு இந்த சாவிக்காக ஒரு மத்தியானம் முழுக்க பேப்பர்ல கோடு போட்டு சண்ட போட்டாங்க, கதவு தெறந்ததும் கடைல எல்லாரும் திரும்பி பாக்குற அளவுக்கு ஒரு சத்தம். அந்த சத்தம் இந்த கடைல இன்னும் நெறைய பேர்கிட்ட இருந்து வரணும்னு ஆசப்படுறோம்.

இன்னொண்ணு, ப்ளோவே ஒரு வாக்த்ரூ, அதாவது எந்த புதிர எப்படி போடணும்னு வரிசையா சொல்ற குறிப்பு, எழுதி வெச்சிருக்காரு. ஆன்சர் தேடி அத தெறந்தா முதல்ல வழக்கமான வாக்த்ரூ மாதிரியே போகும், அப்புறம் வாக்த்ரூ பாக்காதீங்க, இதுல எல்லாமே நியாயமான புதிர்தான், நீங்களே போட்டாதான் சந்தோஷம்னு சொல்லி முடிச்சிடுவாரு. அது திமிருன்னு சொல்றவங்க உண்டு. நமக்கு அப்படி தோணல. நியாயமான புதிர்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் அந்த நியாயத்த கேம்ல செஞ்சு காட்டியிருக்காரு: ஒரு துண்டு வரலனா விட்டுட்டு அடுத்த கதவுக்கு நடந்து போயிடலாம், பெரும்பாலான இடத்துல யாரும் உங்கள மறிக்கிறதில்ல, அடுத்த உலகத்துக்கே போயிட்டு நாலு நாள் கழிச்சு திரும்பி வரலாம். ஒண்ணாவது உலகத்துக்கு மேல ஏறத்தான் எல்லா துண்டும் வேணும், ஏன்னா அங்க ஏறுற ஏணி அதுலதான் முழுசாகும். இது தெரியாம அதே ரூம்ல பல்ல கடிச்சிட்டு நிக்கிறவங்கதான் ஜாஸ்தி. மாட்டிக்கிட்டா வெளிய போங்க, அது தோல்வி இல்ல, கேமே அதுக்குதான் கதவ தெறந்து வெச்சிருக்கு.

இப்ப உங்க குறைங்களுக்கு வருவோம். எல்லாத்துக்கும் கேம் பக்கமே நின்னு பேச மாட்டோம்.

ரெண்டாவது உலகத்துல ஒரு துண்டு இருக்கு, எது ஆடுற பொருள் எது சும்மா அலங்காரம்ங்கிற கோட்டையே அது தாண்டுது, அதுக்கு முன்னாடி எங்கயும் அத சொல்லிக் குடுக்கல. ஆரம்பத்துலயே இப்படி ஒண்ண வெச்சது நியாயம் இல்லனு பல பேர் சொல்றாங்க, நாமளும் அதான் சொல்றோம், அந்த ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் கவுண்டர்ல கேட்டா சின்னதா ஒரு க்ளூ குடுப்போம். அதே மாதிரி வழி தெரிஞ்சும் டைமிங் கிடைக்காம ஒரே ஜம்ப திரும்பத் திரும்ப போடுற இடங்களும் கொஞ்சம் இருக்கு, பூதத்த ஒண்ணு மேல ஒண்ணா மிதிச்சு எம்பணும், அதுல கீபோர்டோட கஷ்டப்படாதீங்க, ரெண்டு சிஸ்டத்துலயும் கன்ட்ரோலர் மாட்டி வெச்சிருக்கோம்.

கேம் சின்னது, அஞ்சாறு மணி நேரத்துல முடிஞ்சிடுதுங்கிறது பழைய புகார். 2008லயே 15 டாலர்னு வெச்சப்போ, எக்ஸ்பாக்ஸ் ஆன்லைன் ஸ்டோர்ல 10 டாலருக்கு பழகினவங்க இதேதான் கத்தினாங்க. நம்ம கருத்த சொல்லிடுறோம்: இதுல ஒரு புதிர் கூட இன்னொண்ணோட நகல் இல்ல, நீட்டணும்னு நீட்டின ரூம் இல்ல. நாப்பது மணி நேரம் ஓடுற கேம்ல இத சொல்ல முடியுமா.

நட்சத்திரம் பத்தி மட்டும் எச்சரிக்க. மறைஞ்சிருக்குற நட்சத்திரம் 8. ஒண்ணுக்கு மேகம் நகர்ற வரைக்கும் கிட்டத்தட்ட 2 மணி நேரம் சும்மா காத்திருக்கணும், இன்னொண்ணு ஒரு உலகத்தோட படத்த முழுசா சேத்துட்டா அதுக்கப்புறம் அந்த சேவ்ல கிடைக்கவே கிடைக்காது, முதல்ல இருந்து ஆடணும். முதல் தடவ ஆடுறவங்க தயவுசெஞ்சு நட்சத்திரத்த மறந்துடுங்க, அது இல்லாமலே கேம் முழுசுதான். மேகத்துக்கு காத்திருக்கணும்னா வெயிட்டிங்ல ஆள் இல்லாத நேரத்துல வாங்க.

அப்புறம் அந்த புத்தகங்க. ஒவ்வொரு உலகத்துக்கு முன்னாடியும் வரிசையா புத்தகம் இருக்கும், எல்லாம் இங்கிலீஷ், அதுவும் சுத்தி வளைச்சு எழுதின இங்கிலீஷ், "புரியல, ஸ்கிப் பண்ணலாமா"ன்னு கேக்குறாங்க. பண்ணலாம், புதிருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ரெண்டாவது உலகத்துல இருக்குறதையாவது நம்ம ஆளுங்கள கூப்ட்டு தமிழ்ல கேட்டுக்கோங்க. செஞ்ச தப்ப திரும்பிப் போய் அழிக்க முடிஞ்சா, அதுல கத்துக்கிட்டத மட்டும் கைல வெச்சுக்க முடிஞ்சா எப்படி இருக்கும்னு டிம் நினைக்கிறான், அத படிச்சிட்டு ரிவைண்ட் பட்டன அழுத்தினா அதே பட்டன் வேற மாதிரி கனக்குது. எழுத்து ரொம்ப அலட்டல்னு சொல்றவங்க இருக்காங்க, சில புத்தகம் அப்படித்தான், இது அப்படி இல்ல.

"அப்ப யார்கிட்டயும் எதுவும் பேசவே கூடாதா"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க, நல்ல கேள்வி. கேமுக்கு கேம் மாறும். 2012ல வந்த ஃபெஸ் கேம்ல ஒரு கருப்பு கல் வரும், அதுக்கு எந்த வரிசைல பட்டன் அழுத்தணும்னு தனி ஆளா யாராலயும் கண்டுபிடிக்க முடியல, உலகம் பூரா ஆடினவங்க சேந்து ஒவ்வொரு வரிசையா போட்டுப் பாத்துதான் தெறந்தாங்க. அந்த கேமுக்கு பேச்சுதான் விளையாட்டே. அதனால ஃபெஸ் சிஸ்டம் பக்கத்துல பொது நோட்டு ஒண்ணு இருக்கும், யார் வேணும்னாலும் எழுதலாம், படிக்கலாம். பிரெய்டுக்கு அந்த மாதிரி நோட்டு வெக்க மாட்டோம், வெள்ளப் பேப்பரும் பென்சிலும் மட்டும் இருக்கும். ரெண்டு பேரா வந்து ஒரே சிஸ்டத்துல உக்காந்து சேந்து யோசிங்க, அதுக்கு எக்ஸ்ட்ரா காசு இல்ல. தெரிஞ்சவர் தெரியாதவருக்கு சொல்றதுதான் வேணாம்னு கேட்டுக்கிறோம்.

ரேட் விஷயம். செலஸ்ட்ல கை வரலனா அசிஸ்ட் மோட போட்டு வேகத்த குறைச்சுக்கலாம், யார் வேணும்னாலும் முடிக்கலாம், அது ரொம்ப நல்ல ஏற்பாடு. தலைக்கு வர்ற கஷ்டத்துல வேகத்த குறைச்சு ஒண்ணும் ஆகாது, அங்க ஒரே உதவி அவசரம் இல்லாம யோசிக்க கிடைக்கிற நேரம்தான். ஆனா மணிக்கு 50 ரூபான்னு மீட்டர் ஓடிட்டே இருந்தா எவனால யோசிக்க முடியும், மொபைல எடுத்து ஆன்சர் பாக்கத்தான் தோணும். அதனால வர்ற திங்கட்கிழமைல இருந்து மூலை சிஸ்டம் ரெண்டுக்கும் மணிக்கணக்கு கிடையாது. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு 2 மணில இருந்து 6 மணி வரைக்கும் மொத்தமா 80 ரூபா. நடுவுல வெளிய போயிட்டு டீ குடிச்சிட்டு வரலாம், சீட் உங்களுதுதான். ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, அன்னிக்கு மட்டும் பழைய ரேட்தான்.

ஒரு சேவ்ல ஒருத்தர் ஆடினா அடுத்தவருக்கு படத்துண்டெல்லாம் முன்னாடியே சேந்திருக்கும், அது அவருக்கு கெட்டுப்போன மாதிரி. அதனால உக்காருறதுக்கு முன்னாடி கவுண்டர்ல பேர சொல்லுங்க, உங்களுக்குன்னு தனியா ஒரு சேவ எடுத்து வெப்போம், அடுத்த தடவ எப்ப வந்தாலும் விட்ட இடத்துல இருந்து ஆடலாம்.

2024 மே மாசம் வந்த பிரெய்ட் ஆனிவர்சரி எடிஷன் இருக்கான்னு கேட்டவங்களுக்கு: ஒரு சிஸ்டத்துல அதான் இருக்கு. படமெல்லாம் புதுசா தீட்டியிருக்காங்க, ப்ளோவும் மத்தவங்களும் பேசின கமெண்ட்ரியே 15 மணி நேரத்துக்கு மேல வருது, பட்டன் அழுத்தி பழைய படத்துக்கும் மாறிக்கலாம். கேம் பண்ண கத்துக்கிற பசங்க முதல்ல ஆடி முடிச்சிட்டு அப்புறம் வந்து அந்த கமெண்ட்ரிய கேளுங்க, அதுக்கும் அதே 80 ரூபாதான்.

இப்படிக்கு,
உங்க கேம் கடைல இருந்து