மூன்று மலை சுமக்கும் ஊர்

அன்புள்ள சபாபதிக்கு,

கடிதம் கிடைத்தது. கண்புரை எடுத்த கையோடு நாலு பக்கமா? டாக்டர் பார்த்தால் திட்டப்போகிறார்.

நான் இன்னும் இங்கிலாந்தில், டார்பியில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். போன ஞாயிறு, பக்கத்து லெஸ்டர்ஷரில் 'பிரீடன் ஆன் த ஹில்' என்ற சிற்றூருக்குப் போனோம். பெயர்க்கதையைக் கேட்டதும் உன் ஞாபகம்தான். நான் 'நடுசென்டர்' என்றால் தலையில் குட்டுவாயே, இங்கே ஓர் ஊரே அப்படிப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

ஆங்கிலேயருக்கு முன் அங்கிருந்தவர்கள் பேசியது இன்றைய வெல்ஷ் மொழிக்கு மூலமொழி. அதில் 'பிரெ' என்றால் மலை. பிறகு வந்த ஆங்கிலோ-சாக்சன்கள் அதை அந்த மலையின் பெயர் என்றே நினைத்து, தங்கள் பங்குக்கு 'டூன்' என்று ஒட்டினார்கள். அதுவும் மலைதான். பின்னாளில் அதன் பொருளும் மறந்துபோக, 'மலைமேல்' என்று மூன்றாவதாக ஒன்று. இத்தனைக்கும் ஊர் இருப்பது அடிவாரத்தில். உச்சியில் இருப்பது பழைய தேவாலயம்.

பக்கிங்ஹாம்ஷரில் 'பிரில்' என்று ஓர் ஊர். பிரெயும் ஹில்லும் நசுங்கி ஓரசையாகிவிட்டன. அதற்காக லண்டனின் 'டன்'னையும் மலையாக்கிவிடாதே. அது வேறு, நீ செய்யக்கூடியவன்!

பீட் என்ற துறவி 731-ல் முடித்த திருச்சபை வரலாற்றில் இந்த ஊர் மடத்தை 'பிரியுடூன்' என்று குறிப்பிடுகிறார். அந்த மடத்துத் தாட்வின் அதே ஆண்டில் கேன்டர்பரி பேராயர் ஆனார். லத்தீனில் ஓர் இலக்கண நூலும் 40 விடுகதைகளும் எழுதியவர். அவர் காலத்தில் பெயரில் இரண்டு மலைதான். மூன்றாவதைப் பார்த்திருந்தால் நாற்பத்தோராவது விடுகதை கிடைத்திருக்கும்.

மேலே ஏறிப் பார்த்தபோதுதான் மனசுக்கு என்னவோ போலாகிவிட்டது. மலையின் ஒரு பக்கத்தைச் சுண்ணாம்புக்கல் குவாரி தின்றுவிட்டது. உச்சியில் இருந்த இரும்புக்கால மண்கோட்டையிலும் பெரும்பகுதி அதோடு போயிற்று. பெயரில் மூன்று மலை. தரையில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

தேவாலயத்துக்குள் ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழைய கல்சிற்பங்கள், கொடியும் பறவையுமாக. முழங்கால் வலியை மறந்து அரைமணி நேரம் நின்றேன். இறங்கும்போது அது வட்டியோடு வந்து சேர்ந்தது.

உன் ஊர்ப்பெயர் நோட்டு எந்த மட்டில் இருக்கிறது? கண் தெளிந்த பிறகு எழுது, அவசரமில்லை.

அன்புடன்,
ராமு