பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், டயாலிசிஸ் இல்லாமலே. போனில் சொல்ல ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மைதானத்தில் ஓடிய தம்பிக்குத் தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்தத் தசைச் சிதைவுக்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர், அதை இப்போது எங்கள் அம்மாகூடத் தடுமாறாமல் சொல்கிறாள். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். டிரிப்ஸை நிறுத்தாமல் ஏற்றி, மணிக்கு 200 மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் போக வைக்க வேண்டும் என்றார் டாக்டர். பையை அளந்து எழுதுவது கூட இருப்பவர் பொறுப்பு.

ஒரு ராத்திரி எனக்குக் கண்ணே திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர், "நீ கொஞ்சம் கண்ணசரு தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். விடிந்து பார்த்தால், நாள்காட்டித் தாளின் பின்பக்கம் மணிவாரியாகக் கணக்கு. மில்லிக்குப் பக்கத்தில் நிறமும் எழுதியிருந்தார். "வரக்காப்பி". மறுபடி "வரக்காப்பி". அப்புறம் "கருப்பட்டித் தண்ணி". 4 மணிக்கு "கொஞ்சம் தெளிஞ்சிருக்கு". நிறத்தை எழுதச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தச் சொன்னார். சொந்த மகன் கண்ணாடி விரியன் கடித்து டயாலிசிஸில் கிடக்கும்போது, யார் வீட்டுப் பிள்ளைக்கோ ராத்திரி முழுக்க மூத்திரக் கணக்குப் பார்த்த மனிதர் அவர். மகனும் தேறி ஊருக்குப் போய்விட்டான், சந்தோஷம்.

மைதானத்திலிருந்து தூக்கிவந்த பசங்களுக்கும், நர்ஸ் அக்காக்களுக்கும், பணம் அனுப்பியவர்களுக்கும், என் ஷிப்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. இளநீரோடு வந்த சித்தப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தசை சிதைந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இளநீரிலும் அதுதான் நிறைய. அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறிவிடுமாம். அதனால்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் நான்தான் குடித்தேன்.

ஞாயிறு காலை மைதானத்துக்கு வருகிறேன். போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பசங்க கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். தொடை கல்லாக இறுகி, சிறுநீர் கறுத்துப் போனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, சிறுநீரகத்துக்கு அது இன்னும் கெடுதல். நேரே ஆஸ்பத்திரிதான். பெரியவர் எழுதிய தாளை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், எந்த நிறம் வந்தால் ஓடிவர வேண்டும் என்று அதைக் காட்டியே சொல்லிவிடுகிறேன்.